வேலைக்குப் போகிறவரிடம் ஐ.சி.: முதலாளி எதைப் பார்க்கலாம், எதைப் பிடித்து வைக்கக் கூடாது?

கூலாய் வட்டாரத்தில் வேலை தேடுவோருக்கு இன்று பல கதவுகள் திறந்திருக்கின்றன. செனாய் தொழிற்பேட்டை ஆலைகள், விமான நிலையத்தைச் சுற்றியுள்ள சரக்குக் கிடங்குகள், செடெனாக்கில் எழும் தரவு மையங்கள், இந்தாபுரா, பண்டார் புத்ரா கடைகள், பாதுகாவலர் நிறுவனங்கள், இன்னும் மிச்சமிருக்கும் செம்பனைத் தோட்டங்கள் என்று இடங்கள் வேறு வேறு. ஆனால் எல்லா இடத்திலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "ஐ.சி. இருக்கிறதா?"

இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு அடுத்து நடப்பவை எல்லாம் நியாயமானவை அல்ல. சிலர் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறார்கள். சிலர் நகல் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் இரு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்வோரும் உண்டு. "சீருடைக்குப் பிணை" என்று சொல்லி அசல் அட்டையையே மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டுவோரும் உண்டு. இவற்றில் எது சட்டப்படி சரி, எது தவறு என்பதைத் தெரிந்து வைத்திருப்பது வேலை தேடும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் அவசியம்.

தோட்டத்துத் தமிழரும் அடையாள அட்டையும்

மலாயாவில் அடையாள அட்டை 1948-இல், அவசரகாலப் பிரகடனத்தையொட்டி அறிமுகமானது. 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் பதிந்து, புகைப்படமும் விரல் ரேகையும் கொண்ட அட்டையை வைத்திருக்க வேண்டும் என்று ஆனது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கும் ஊருக்குள் இருந்த மக்களுக்கும் வேறுபாடு காண்பதே அதன் நோக்கம். அதனால்தான் போராளிகள் தோட்டத் தொழிலாளர்களிடமிருந்தும் கிராமத்தாரிடமிருந்தும் அட்டைகளைப் பறித்துக் கிழித்த சம்பவங்கள் அக்காலத்தில் நடந்தன. தொழிலாளிக்கு இரு பக்கமும் இடி. அட்டை இல்லையென்றால் போலீஸ் பிடிக்கும். இருந்தால் காட்டிலிருந்து வருபவன் பறிப்பான்.

அட்டையின் முழுக் கனமும் தோட்டத்துத் தமிழருக்குத் தெரியவந்தது 1969-க்குப் பிறகுதான். 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய 'வொர்க் பெர்மிட்' பெற வேண்டும் என்ற நிலை வந்தது. மலாயாவிலேயே பல்லாண்டுகள் பால் வெட்டியும், குடியுரிமைக்கு மனு செய்யாமலோ, பிறப்புப் பத்திரம் காட்ட முடியாமலோ சிவப்பு அட்டையுடன் இருந்தவர்கள் ஏராளம். செக்ரோலில் பெயர் இருந்தது. ஆனால் கையில் நீல அட்டை இல்லை. அப்போது சுமார் 60,000 பேர் வேலை இழந்து தமிழகத்துக்குக் கப்பல் ஏறினார்கள் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. ஒரு தாள் இல்லாததால் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்த காலம் அது. "பத்திரத்தைப் பத்திரமா வை" என்று தோட்டத்துப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளை எச்சரித்ததற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

இன்றைய அடையாள அட்டைக்கு அடிப்படை 1959-ஆம் ஆண்டு தேசியப் பதிவுச் சட்டமும் 1990-ஆம் ஆண்டு தேசியப் பதிவு விதிமுறைகளும் ஆகும். சில்லு பொருத்திய மைகார்டு 2001 செப்டம்பரில் அறிமுகம் கண்டது.

ஒரே எண்ணில் இத்தனை விவரமா?

மைகார்டின் 12 இலக்க எண் வெறும் வரிசை எண் அல்ல. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், தேதியைக் குறிக்கும். அடுத்த இரண்டு இலக்கங்கள் பிறந்த மாநிலத்தைக் காட்டும். ஜொகூரில் பிறந்த பெரும்பாலோருக்கு அது 01. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண். இரட்டைப்படை என்றால் பெண்.

ஆகவே, வேலை மனுப் பாரத்தின் முதல் வரியிலேயே முழு எண்ணையும் எழுதிக் கொடுக்கும்போது, நேர்காணலுக்கு முன்பே வயது, பாலினம், பிறந்த இடம் மூன்றும் முதலாளிக்குத் தெரிந்துவிடுகிறது. 45 வயதைத் தாண்டியவரின் பாரம் பார்க்கப்படாமலேயே ஓரம் கட்டப்படவும் இது வழி செய்கிறது.

அட்டையின் நிறமும் பேசும். நீலம் குடிமக்களுக்கு உரியது. சிவப்பு நிரந்தரவாசிகளுக்கு உரிய மைபிஆர். பச்சை தற்காலிகமாக வசிப்போருக்கு உரிய மைகாஸ். சிவப்பு அட்டைக்காரர்கள் நாட்டில் வேலை செய்யத் தடை இல்லை. அவர்களை அந்நியத் தொழிலாளர்களோடு சேர்த்து எண்ணி, "பெர்மிட் இருக்கிறதா?" என்று திருப்பி அனுப்பும் கடைக்காரர்கள் விவரம் தெரியாமல் செய்கிறார்கள். பச்சை அட்டை வைத்திருப்போர் வேலையில் சேரும் முன் தங்கள் நிலையைத் தேசியப் பதிவு இலாகாவிலும் குடிநுழைவு இலாகாவிலும் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

முதலாளி ஏன் கேட்கிறார்?

முதலாளிக்கு அடையாள விவரம் தேவைப்படுவதற்குச் சட்டக் காரணங்கள் உண்டு.

முதலாவது, 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். ஒவ்வோர் ஊழியரைப் பற்றிய விவரங்களையும் பதிவேட்டில் எழுதி, குறைந்தது 6 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று அது முதலாளியைக் கட்டாயப்படுத்துகிறது.

இரண்டாவது, சந்தாக்கள். முதல் ஊழியரைச் சேர்த்த 7 நாட்களுக்குள் முதலாளி இ.பி.எஃப்.-இல் பதிந்துகொள்ள வேண்டும். ஊழியரின் பங்கு 11 விழுக்காடு. மாதச் சம்பளம் 5,000 ரிங்கிட் அல்லது அதற்குக் கீழ் என்றால் முதலாளியின் பங்கு 13 விழுக்காடு. சொக்சோவில் புதிய ஊழியரை 30 நாட்களுக்குள் பதிய வேண்டும். 2018 தொடங்கி வேலை காப்புறுதித் திட்டமும் சேர்ந்திருக்கிறது. இவை அனைத்துக்கும் மைகார்டு எண்தான் சாவி.

மூன்றாவது, வயது. 1966-ஆம் ஆண்டு சிறார், இளையோர் வேலைச் சட்டத்தின் கீழ் 15 வயதுக்குக் குறைந்தவர் சிறார்; 18 வயதுக்குக் குறைந்தவர் இளையோர். அவர்களுக்கு வேலை நேரத்திலும் வேலை வகையிலும் கட்டுப்பாடு உண்டு. பள்ளி விடுமுறையில் கடைக்கு வேலைக்கு வரும் பிள்ளையின் வயதைப் பார்ப்பது முதலாளியின் கடமை.

நான்காவது, குடிநுழைவுச் சட்டம். செல்லுபடியாகும் பாஸ் இல்லாத அந்நியரை வேலைக்கு வைத்தால், ஒவ்வொருவருக்கும் 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஆக, ஐ.சி. கேட்கும் முதலாளியைக் கண்டு சந்தேகப்படத் தேவையில்லை. சந்தேகப்பட வேண்டியவர், எதையுமே கேட்காத முதலாளி. "நாளைக்கே வா, கைக்காசு தருகிறேன், பேப்பர் எதுவும் வேண்டாம்" என்று சொல்பவர், இ.பி.எஃப்.-உம் சொக்சோவும் கட்டப் போவதில்லை என்பதைத்தான் சொல்லாமல் சொல்கிறார். வேலையிடத்தில் மட்டுமல்ல, வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்துக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. தினமும் மோட்டார்சைக்கிளில் கூலாயிலிருந்து செனாய்க்குப் போய்வரும் ஊழியருக்கு இது சின்ன விஷயம் அல்ல. பதிவு இல்லாவிட்டால், விபத்துக்குப் பிறகு மருத்துவமனைப் படுக்கையில்தான் அந்த உண்மை தெரியவரும்.

எந்தக் கட்டத்தில் எதைக் கொடுப்பது?

2010-ஆம் ஆண்டு தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. ஒரு காரியத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் விவரம் திரட்டக் கூடாது, எதற்காகத் திரட்டப்படுகிறது என்பதைத் தெரிவிக்க வேண்டும், பாதுகாப்பாக வைக்க வேண்டும், தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும் என்பவை அதன் முக்கியக் கோட்பாடுகள். உடல்நலம், சமய நம்பிக்கை, அரசியல் கருத்து, குற்றப் பின்னணி போன்றவை நுண்ணிய தரவுகள். அவற்றைக் கேட்க வெளிப்படையான சம்மதம் வேண்டும். 2024-இல் நிறைவேறிய திருத்தம் தண்டனையை உயர்த்தியது. கோட்பாடுகளை மீறும் நிறுவனத்துக்கு 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் விதிக்க இப்போது இடமுண்டு.

இந்தக் கோட்பாடுகளை வேலை மனுவுக்குப் பொருத்திப் பார்த்தால், கீழ்க்காணும் வரிசை பொருத்தமானது.

மனுச் செய்யும்போது: பெயர், தொலைபேசி எண், வசிக்கும் ஊர், கல்வி, அனுபவம், எந்த அட்டை வைத்திருக்கிறார் என்ற விவரம். இவ்வளவு போதும்.

நேர்காணலில்: அசல் அட்டையைக் காட்டலாம். படிவத்தில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும்.

வேலை உறுதியானதும்: நகல் கொடுக்கலாம். சந்தாக்களுக்காக எண்ணும், சம்பளத்துக்காக வங்கிக் கணக்கு எண்ணும் கொடுக்கலாம். ஏ.டி.எம். அட்டை, ரகசிய எண், ஓ.டி.பி. ஆகியவற்றை எந்தக் கட்டத்திலும் எந்த முதலாளியும் கேட்கக் காரணமே இல்லை.

நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே இரண்டு கோடுகள் இழுத்து, நடுவில் "உந்தோக் பெர்மொஹோனான் கெர்ஜா சஹாஜா", அதாவது வேலை மனுவுக்கு மட்டும், என்று மலாயில் எழுதி, நிறுவனத்தின் பெயரையும் தேதியையும் குறிப்பது நல்ல பழக்கம். முகமும் எண்ணும் மறையாமல் எழுத வேண்டும். இப்படி எழுதிய நகலைக் கொண்டு வேறொருவர் தொலைபேசி எண்ணோ கடனோ எடுப்பது கடினம்.

தினமும் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்வோருக்கு இது புதிதாக இருக்காது. அங்கே 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரினால் அல்லது ஆள் யார் என்பதை மிகத் துல்லியமாக உறுதிப்படுத்த வேண்டியிருந்தால் தவிர, தனியார் நிறுவனங்கள் அடையாள எண்ணைச் சேகரிக்கவோ அட்டையைப் பிடித்து வைக்கவோ கூடாது என்ற வழிகாட்டி நடப்பில் உள்ளது. ஊழியரைச் சேர்ப்பதற்குச் சட்டமே எண்ணைக் கேட்பதால் அங்கும் முதலாளி கேட்கலாம். ஆனால் காரணமில்லாமல் கேட்க முடியாது.

அசல் அட்டையைப் பிடித்து வைப்பது குற்றம்

அடையாள அட்டையை எப்போதும் தன்னிடம் வைத்திருப்பது அட்டைதாரரின் சட்டக் கடமை. போலீஸ், தேசியப் பதிவு இலாகா அதிகாரிகள், பணியிலிருக்கும் சுங்க அதிகாரிகள், இராணுவத்தினர் போன்றோருக்கே அதைக் காட்டச் சொல்லிப் பரிசோதிக்கும் அதிகாரம் சட்டத்தில் தரப்பட்டுள்ளது. கடை முதலாளிக்கும் குத்தகையாளருக்கும் காவல்சாவடியில் இருப்பவருக்கும் அந்த அதிகாரம் இல்லை. சட்டபூர்வக் காரணமின்றி இன்னொருவரின் அட்டையை வைத்திருப்பது 1990-ஆம் ஆண்டு விதிமுறைகளின் கீழ் குற்றம். 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

கடப்பிதழுக்கும் இதே நிலைதான். 1966-ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டத்தின்படி, சட்ட அதிகாரமின்றி இன்னொருவரின் கடப்பிதழை வைத்திருந்தால் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். இந்தியா, வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்து தோட்டங்களிலும் ஆலைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்வோருக்கும் இந்தச் சட்டம் அப்படியே பொருந்தும். உணவகம் நடத்தும் தமிழ் முதலாளிகளும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். "ஓடிவிடுவான்" என்ற பயம் சட்டத்தின் முன் காரணமாகாது. "தொலைத்துவிடுவான், அதனால் பாதுகாப்பாக வைத்திருக்கிறேன்" என்பவர், தொழிலாளியே சாவி வைத்துக்கொள்ளும் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு, கட்டாய உழைப்பைக் கண்டறிய 11 அறிகுறிகளை வகுத்திருக்கிறது. அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பது அவற்றில் ஒன்று. கட்டாய உழைப்புக்கு எதிரான கூடுதல் உடன்படிக்கையை மலேசியா 2022 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரி 1 தொடங்கி வேலைச் சட்டத்திலேயே கட்டாய உழைப்பு தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அதற்கான தண்டனை 100,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

அட்டை முதலாளியிடம் இருக்கும்போது தொழிலாளி வேறு வேலை தேட முடியாது. வங்கியில் பணம் எடுக்க, கிளினிக்கில் பதிய, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க என எல்லாவற்றுக்கும் அவரிடமே போய் நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் தோட்டத்துக் கடைக்கடன் ஆளைக் கட்டிப்போட்டது போலத்தான் இதுவும். வட்டி முதலைகள் பிணையாக ஐ.சி.யை வாங்கி வைப்பதும் இதே குற்றம்தான்.

வேலை என்ற பெயரில் விரிக்கப்படும் வலை

டெலிகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் வரும் விளம்பரங்களில் கேட்கப்படுவது வேறு வகை. ஐ.சி.யின் இரு பக்கப் படம், அட்டையைக் கையில் பிடித்தபடி ஒரு செல்ஃபி, வங்கி அட்டையின் படம். இந்த மூன்றும் சேர்ந்தால், தொலைபேசி வழியே அடையாளத்தைச் சரிபார்க்கும் சேவைகளில் உரியவர் பெயரில் இன்னொருவர் கணக்குத் திறக்க முயல முடியும். அந்தக் கணக்கின் வழியே மோசடிப் பணம் போனால், போலீஸ் முதலில் தேடி வருவது அட்டையில் பெயர் உள்ளவரைத்தான்.

"சம்பளக் கணக்குத் திறந்து அட்டையை எங்களிடம் கொடு, மாதம் இத்தனை ரிங்கிட்" என்பது வேலையே அல்ல. அது கணக்கை வாடகைக்கு விடுவது. கழுதைக் கணக்கு எனப்படும் இத்தகைய கணக்குகளுக்கு எதிராகக் குற்றவியல் சட்டத்தில் 2024-இல் தனிப் பிரிவுகள் சேர்க்கப்பட்டன. "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்புவது எளிதல்ல.

வெளிநாட்டு வேலை என்று அழைப்பு வந்தால் இன்னும் கூடுதல் கவனம் தேவை. நல்ல சம்பளம் என்று நம்பி கம்போடியா, மியன்மார் சென்ற மலேசிய இளைஞர்கள், கடப்பிதழ் பறிக்கப்பட்டு மோசடி மையங்களில் அடைபட்ட செய்திகள் சில ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. ஆள் சேர்க்கும் முகவருக்கு 1981-ஆம் ஆண்டு தனியார் வேலை முகவர் சட்டத்தின் கீழ் உரிமம் இருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேட்க வேண்டும்; நிறுவனத்தின் பதிவை எஸ்.எஸ்.எம்.-இல் பார்க்க வேண்டும். எந்த வங்கிக் கணக்கிலாவது பணம் போடச் சொன்னால் போலீசின் செமாக் மியூல் தளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்க வேண்டும். சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் கட்டணமின்றி வேலை தேடலாம்.

ஆவணம் சரியாக இல்லாதவர்கள் என்ன செய்வது?

தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமானுக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் குடிவந்த குடும்பங்களில் இன்னும் பழைய தோட்ட முகவரியே அட்டையில் இருப்பது உண்டு. முகவரி மாறினால் 30 நாட்களுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் தெரிவிக்க வேண்டும். 12 வயதில் எடுத்த மைகார்டை 18 முதல் 25 வயதுக்குள் புதுப் படத்துடன் மாற்ற வேண்டும். வேலைக்கு மனுச் செய்யும் முன் இந்த இரண்டையும் முடித்துவிடுவது நல்லது. பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், ஐ.சி. மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து முன்கூட்டியே திருத்த வேண்டும்.

பிறப்புப் பத்திரமே இல்லாதவர்களின் பாடு கடினமானது. வீட்டில் பிறந்தவர்கள், பெற்றோரின் திருமணம் பதியப்படாதவர்கள், தத்துப் பிள்ளைகள் என இதில் பலர் உண்டு. 2011-இல் பிரதமர் துறையின் கீழ் இயங்கிய இந்தியர்களுக்கான சிறப்புப் பணிக்குழு, மைடஃப்தார் இயக்கத்தின் வழி இத்தகையோரைத் தேடிப் பதிந்தது. அதிலும் விடுபட்டவர்கள் இன்றும் தாமதப் பிறப்புப் பதிவுக்கு மனுச் செய்யலாம். குறிப்பிட்ட வயது வரம்புக்குள் இருப்பவர்களின் சார்பில் அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் குடியுரிமை கேட்க வழி உண்டு. வயது தாண்டினால் அந்தக் கதவு மூடிவிடும். பிள்ளை பள்ளியில் இருக்கும்போதே பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டியதற்கு இதுவே காரணம். வேலை தேடும் வயதில் தொடங்கினால் காலம் கடந்துவிடக்கூடும்.

புகார் எங்கே?

அசல் அட்டையைத் திருப்பித் தர மறுத்தால், முதலில் வாட்ஸ்அப்பிலோ கடிதத்திலோ எழுத்துமூலம் கேட்க வேண்டும். அந்தச் செய்தியே பின்னர் ஆதாரமாகும். பிறகும் தராவிட்டால் போலீசில் புகார் செய்துவிட்டு, அதன் நகலுடன் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போகலாம். "தொலைந்துவிட்டது" என்று பொய் சொல்லிப் புதிய அட்டை எடுக்கக் கூடாது. அது தனிக் குற்றம். அபராதமும் கட்ட நேரும்.

சம்பளம், சந்தா, ஆவணம் தொடர்பான புகார்களைத் தொழிலாளர் இலாகாவில் கட்டணமின்றிக் கொடுக்கலாம். 'வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்' செயலியின் வழியும் புகார் அனுப்பலாம். தோட்டத் தொழிலாளர்கள் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை நாடலாம். கொடுத்த நகல் வேறு காரியத்துக்குப் பயன்பட்டிருந்தால் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் முறையிடலாம். பணம் பறிபோயிருந்தால் உடனடியாக 997 எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆனதும், ஒவ்வோர் ஊழியரும் தன் இ.பி.எஃப்., சொக்சோ கணக்கில் முதலாளியின் பெயரும் தொகையும் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஐ.சி. எண்ணை முதலாளி எதற்காக வாங்கினாரோ, அந்தக் காரியம் நடந்ததா என்பது அங்கே தெரிந்துவிடும்.